அடித்தல் திருத்தல் இன்றி

டுசல்டோர்ஃபிலிருந்து கொலோனுக்குத் திரும்பும் ரயிலில் பிறேமா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஜெர்மன் பெண்மணி, பையில் ஏதோ விலையுயர்ந்த பொருள் இருக்கிறது என்றே நினைத்திருப்பாள். இருந்தது என்னவோ, மெல்லிய உறையில் நாலு வெற்றுத் தாள்கள்தான்.

போன வாரம் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்ததிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறு வருடமாக ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணி மடிக்கிறவள், பத்திரிகையில் கண்ட ஒரு சின்ன விளம்பரத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பானியச் சரக்கு நிறுவனம். கப்பல்காரரோடும் சுங்கத்தோடும் பேசுவதற்கு ஜெர்மன் மொழியும் ஜப்பானிய மொழியும் தெரிந்த ஆள் தேவை என்றிருந்தது. மேலாளர் ஒக்காதா ஜெர்மன் மொழியில்தான் பேச்சைத் தொடங்கினார். அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னதும் அவரும் அந்த மொழிக்கு மாறினார். பிறகு அவர், எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தே பழகிய நாக்கு அவளுக்கு. எழுதிக் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

நல்லது, திங்கட்கிழமை காலை வாருங்கள், எங்கள் முறைப்படி கையால் எழுதிய ரிரேக்கிஷோ ஒன்று கொண்டுவாருங்கள் என்று ஒக்காதா சொல்லிவிட்டு வைத்தார்.

ரிரேக்கிஷோ என்பது ஜப்பானியர் வேலைக்குக் கொடுக்கும் தன்விவரத் தாள். அதற்கென்றே கட்டம் போட்டு அச்சடித்த தாள்கள் டுசல்டோர்ஃபின் ஜப்பானியப் புத்தகக் கடையில் விற்கும். அதைத்தான் காலையில் போய் வாங்கியிருந்தாள். உறையின் பின்பக்கத்தில் விதிகள் இருந்தன. கறுப்பு மையில் சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் தாளைக் கிழித்துப்போட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். படித்த இடமும் வேலை செய்த இடமும் வருடம் மாதத்தோடு வரிசையாக வர வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் அந்த இடைவெளி என்னவென்று கட்டாயம் கேட்பார்கள்.

கடைசி விதியைப் பிறேமா இரண்டு தரம் வாசித்தாள்.

அவளுடைய இடைவெளிக்குப் பெயர் நாகசாக்கி.

பத்தொன்பது வயதில் மன்னாரிலிருந்து கன்னியாஸ்திரியாகப் போக விரும்பி, நாகசாக்கியில் இருந்த ஒரு மடத்தில் சேர்ந்தவள் அவள். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே இருந்தாள். துறவுக்கான வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்பே விலகிவிட்டாள். அப்போது மன்னாரில் சண்டை மூண்டிருந்தது. திரும்பிப் போக இடமில்லாமல், கொலோனில் இருந்த தமையன் லோறன்ஸிடம் வந்து சேர்ந்தாள்.

வந்த பிறகு இரண்டு சம்பந்தம் பேசி வந்தன. இரண்டும் இந்த ஒரு விஷயத்தால் முறிந்தன. சாமிக்கென்று நேர்ந்த பிள்ளையை வீட்டுக்குள் எடுத்தால் பாவம் சுற்றும் என்று ஒரு தாய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். அதனால் மூன்றாவது சம்பந்தம் வந்தபோது, லோறன்ஸின் மனைவி பற்றிமா முந்திக்கொண்டாள். பிறேமா அந்த வருடங்களில் நீர்கொழும்பில் மாமி வீட்டில் தையல் பழகினாள் என்று மாப்பிள்ளையின் தமக்கையிடம் சொல்லி வைத்தாள்.

மாப்பிள்ளை அலோசியஸ், டோர்ட்முண்டில் ஒரு அச்சுக்கூடத்தில் வேலை. ஓகஸ்ட்டில் கேவலார் யாத்திரைத் தலத்து மாதா திருவிழாவில் பிறேமாவைக் கண்டவன். தமக்கை றெஜினாவோடு இன்றைக்கு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருகிறான்.

தாள் எழுதுவதும் பெண் பார்ப்பதும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்திருந்தன.

வீட்டுக் கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசம் அடித்தது. பற்றிமா காலையிலிருந்து ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். சமையலறை மேசை முழுவதும் மாவும் ரஸ்க் தூளும். வரவேற்பறை மேசையில் புது விரிப்பு, அதன்மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்ற உத்தரவு. எழுத ஓர் இடம் வேண்டும் என்று பிறேமா கேட்டபோது, பற்றிமா அவளை மேலும் கீழும் பார்த்து, தலைக்கு முழுகிவிட்டாயா என்று கேட்டாள்.

பிறேமா பேனாவையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சலவை அறைக்குப் போனாள். அங்கே எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவான, துணி மடிக்கிற நீளமான மேசை ஒன்று உண்டு. அன்றைக்கு ஆளில்லை. மேசையைத் துடைத்து, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, முதல் தாளை விரித்தாள்.

முதல் கட்டம் பெயர். மரியநாயகம் பிறேமா யூஜினி என்று ஜப்பானிய எழுத்தில் எழுதத் தொடங்கினாள். ஜப்பானியருக்கு நாலைந்து எழுத்தில் முழுப் பெயரும் அடங்கிவிடும். அந்த அளவுக்கே கட்டமும் போட்டிருந்தார்கள். தகப்பன் பெயரிலேயே கட்டம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. பிறேமாவின் பாதி வெளியே நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதல் தாள் போயிற்று.

இரண்டாவது தாளில் பெயரைச் சின்னதாக எழுதி உள்ளே அடக்கினாள். பிறந்த வருடத்தை, பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ஜப்பானியக் கணக்கில் ஷோவா நாற்பத்து மூன்று என்று போட்டாள். மன்னாரில் படித்த பாடசாலையை எழுதிக்கொண்டிருக்கும்போது, மூன்றாம் மாடிக் கிழவர் ஒரு கூடைத் துணியோடு வந்தார். அன்பாக வணக்கம் சொல்லி மெஷினில் போட்டுவிட்டுப் போனார். ஆறுதலாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று பிழியத் தொடங்கியது. மேசை நடுங்கியது. பாடசாலையின் கடைசி எழுத்து வால் முளைத்துக் கீழ் வரிக்கு இறங்கியது.

மெஷின் ஓயும்வரை காத்திருந்துவிட்டு மூன்றாவது தாளை எடுத்தாள். இந்த முறை எல்லாம் அழகாக வந்தது. எழுத்துகள் நாகசாக்கியில் எழுதிய நாட்களைப்போலவே நிமிர்ந்து நின்றன. பாடசாலை முடிந்தது. அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோன நேரத்தில் லோறன்ஸ் உள்ளே வந்தான்.

அவன் பேக்கரித் தொழிற்சாலையில் காலை முறை முடித்து அப்போதுதான் வந்திருந்தான். சட்டைக் கழுத்தில் கோதுமை மா ஒட்டியிருந்தது. பின்னாலேயே, கையைத் துடைத்துக்கொண்டு பற்றிமாவும் வந்தாள். இருவரும் மேலே கதைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

பற்றிமா சொன்னது இதுதான். வேலை கிடைத்தால் சந்தோஷம், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிடைத்தால் ஊர் முழுக்கக் கேட்கும், இந்தப் பிள்ளை எங்கே ஜப்பான் பாஷை படித்தது என்று. நீர்கொழும்பில் தையல் பழகினவளுக்கு அது எப்படி வந்தது? அதனால் கொலோனில் மாலை வகுப்பில் படித்தேன் என்று தாளில் எழுதிவிடு. மூன்று வருடத்துக்குத் தையல் என்று போடு. நாங்களும் அதையே சொல்லுகிறோம்.

"ரெண்டு பக்கமும் ஒரே கதையா இருக்கட்டும் பிறேமா. நாளைக்கு ஒண்டோடை ஒண்டு முட்டக் கூடாது."

பிறேமா தமையனைப் பார்த்தாள். லோறன்ஸ் சலவை மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றான். இது உன்னுடைய வாழ்க்கை, நீ யோசித்துச் செய் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தச் சம்பந்தமும் போய்விட்டால் இன்னொன்று வருமோ தெரியாது என்றும் சொன்னான்.

அவர்கள் மேலே போன பிறகு அவள் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பற்றிமா கெட்டவளில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்து நின்றவளுக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு நிலத்தில் படுத்தவள். அந்த நன்றியில் பிறேமா பேனாவை எடுத்தாள். தையல் என்ற சொல்லுக்கான முதல் எழுத்தை எழுதினாள். இரண்டாவது எழுத்தையும் எழுதினாள்.

மூன்றாவதுக்குக் கை போகவில்லை.

தனக்கு அந்த மொழியைக் கொடுத்த இடத்தை அந்த மொழியாலேயே இல்லை என்று எழுதுவதா? ஒக்காதா ஒரே ஒரு கேள்வி கேட்டால், அவள் வாயிலிருந்து வரும் நாகசாக்கி வட்டாரப் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட, அந்த வருடங்களில் அவள் வெட்கப்படும்படி எதுவுமே செய்யவில்லை. அப்படியிருக்க இத்தனை நாள் ஏன் வெட்கப்பட்டோம் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது தாளையும் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மிச்சம் ஒன்றே ஒன்று. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. சனிக்கிழமை, அந்நாளில் ஜெர்மனியில் இரண்டு மணிக்கே கடைகள் எல்லாம் பூட்டிவிடும். திங்கள் காலை நேர்முகத்துக்கு முன்னால் இன்னொரு கட்டு வாங்க வழியே இல்லை. அவள் அந்தத் தாளை உறைக்குள் வைத்து மேலே கொண்டுபோய், தன் வேதாகமத்துக்குள் சொருகிவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

றெஜினா அக்கா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயது, கணவனை இழந்தவள். தம்பியைத் தன் பிள்ளைபோல வளர்த்தவள். எதையும் நின்று நிதானித்துப் பார்க்கும் கண்கள். அலோசியஸ் சாம்பல் நிறக் கோட்டில், கையில் பூங்கொத்தோடு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்று, கடைசியில் லோறன்ஸிடம் கொடுத்தான்.

பேச்சு கேவலார் திருவிழாவில் தொடங்கி, மன்னார்ச் செய்திகளுக்குப் போய், பற்றிமாவின் ரோல்ஸுக்கு வந்து நின்றது. பிறேமா தேநீர்க் கோப்பையை நீட்டியபோது றெஜினா அவள் விரலைப் பார்த்தாள். நடுவிரலில் கறுப்பு மை. என்ன பிள்ளை, எழுத்து வேலையோ என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

பற்றிமா வாய் திறப்பதற்குள் பிறேமா பதில் சொன்னாள். ஒரு ஜப்பானியக் கொம்பனிக்கு விண்ணப்பம் எழுதுகிறேன், திங்கட்கிழமை நேர்முகம் என்றாள். ஜப்பான் பாஷை உங்களுக்குத் தெரியுமோ என்று அலோசியஸ் வியந்து நிமிர்ந்தான். பற்றிமா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள்.

பிறேமா தட்டை மேசையில் வைத்துவிட்டு நேராக றெஜினாவைப் பார்த்தாள்.

"அக்கா, நான் நீர்கொழும்பிலை இருக்கேல்லை. அந்த மூண்டு வருசமும் நாகசாக்கியிலை கன்னியர் மடத்திலை இருந்தனான். சிஸ்டரா வரத்தான் போனனான். வார்த்தைப்பாடு குடுக்க முதல் விட்டிட்டு வந்திட்டன். இது தெரியாமல் நீங்கள் ஒரு முடிவும் எடுக்கக் கூடாது."

றெஜினா கையிலிருந்த ரோல்ஸைக் கடிக்காமல் தட்டில் வைத்தாள். லோறன்ஸைப் பார்த்து, இது உண்மையோ என்று கேட்டாள்.

லோறன்ஸ் எழுந்து நின்றான். பற்றிமாவை ஒருமுறை பார்த்தான்.

"ஓம் அக்கா. பொய் சொன்னது நாங்கள். அவளில்லை."

அந்த ஒரு வார்த்தைக்காகப் பிறேமாவுக்குத் தமையனின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அலோசியஸ் அவள் பக்கம் திரும்பினான். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டான். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. ஒரு மனிதரின் கதையை அறிந்துகொள்ளும் ஆவலோடு.

பிறேமா சொன்னாள். நாகசாக்கித் துறைமுகத்தில் மாலுமிகள் வந்து தங்குவதற்கு அந்தக் கன்னியர் ஒரு விடுதி நடத்தினார்கள். பிலிப்பைன்ஸ்காரர், இந்தியர், சில நேரம் இலங்கையின் காலிப் பக்கத்துப் பொடியன்களும் வருவார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், கப்பல் முகவர்களோடு தொலைபேசியில் பேசுவதும், சம்பளம் கிடைக்காதவனுக்காக வாதாடுவதும் அவளுடைய வேலை.

"ஜெபத்திலை இருக்கேக்கையும் எந்தக் கப்பல் எப்ப வரும் எண்டுதான் நினைப்பு ஓடும். கடவுளை ஏமாத்த ஏலாதுதானே. நானே போய்ப் பெரிய சிஸ்டரிட்டைச் சொன்னன், என்ர இடம் இது இல்லை எண்டு."

அலோசியஸ் சிரித்துவிட்டான். அடக்க முயன்று முடியாமல் வந்த சிரிப்பு அது. லோறன்ஸும் சிரித்தான்.

றெஜினா சிரிக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்லுகிறோம் என்றாள். பெண் பார்க்க வந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன் இரண்டு தரம் கேட்ட சொல். படியிறங்கும்போது அலோசியஸ் மட்டும் திரும்பி நின்று, திங்கட்கிழமைக்கு நல்லாச் செய்யுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் பற்றிமா சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன. பிறேமா வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாத்திரச் சத்தம் நின்றது. பற்றிமா ஈரத்துணியோடு வந்தாள். வரவேற்பறை மேசையிலிருந்த தட்டுகளை எடுத்தாள். யாரும் கை வைக்கக்கூடாத புது விரிப்பை உருவிச் சுருட்டினாள். மேசையைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியாலும் துடைத்து, தன் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இதிலை இருந்து எழுது. கீழை மெஷின் ஆடும்."

அவள் கண்கள் சிவந்திருந்தன. மச்சாள் என்று பிறேமா தொடங்கினாள். முதலில் எழுதி முடி, பிறகு கதைக்கலாம் என்று பற்றிமா தடுத்துவிட்டாள். லோறன்ஸ் மேசையருகில் கதிரையைப் போட்டான். ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் விட்டான். அவனும் பற்றிமாவும் எதிரே இருந்த சோபாவில், பூசைக்கு வந்தவர்கள்போலக் கை கட்டி உட்கார்ந்தார்கள். மூச்சு விட்டால் தாள் பறக்கும் என்பதுபோல.

பிறேமா கடைசித் தாளை விரித்தாள்.

பெயர் கட்டத்துக்குள் அடங்கியது. பாடசாலை முடிந்தது. அடுத்த வரி வந்தது. ஷோவா அறுபத்திரண்டு, நாகசாக்கி, கன்னியர் மடத்தில் சேர்தல். அவள் அங்கே இருந்தபோதுதான் ஜப்பானின் பேரரசர் இறந்து, வருடத்தின் பெயரே மாறியது. ஆகவே சேர்ந்தது ஷோவாவில், விலகியது ஹெய்செய் இரண்டில். துறைமுக விடுதியில் பார்த்த வேலையை ஒன்றுவிடாமல் எழுதினாள். விலகியதற்கு ஜப்பானியர் வழக்கமாக எழுதும் ஒரு மரியாதையான வரி உண்டு, சொந்தக் காரணங்களினால் என்று. உறையோடு வந்த மாதிரித் தாளில் அதுதான் இருந்தது. இத்தனை நாள் மறைத்த விஷயத்துக்கு அந்த நாட்டில் ஒரு வரிதான் தேவைப்பட்டது என்பதை நினைக்க அவளுக்குச் சிலிர்த்தது.

கொலோன், மருத்துவமனைச் சலவைக்கூடம், இன்றுவரை. அதையும் எழுதினாள்.

இந்த வேலையை விரும்புவதற்கான காரணம் என்ற கட்டத்தில் பேனா நிற்கவேயில்லை. கப்பல் வரும் நேரம் பார்த்து விழித்திருந்த ஒருத்திக்கு எழுதுவதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? கட்டம்தான் போதவில்லை. எழுத்துகளைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி கடைசி வரியையும் உள்ளே கொண்டுவந்தாள். லோறன்ஸ் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்து, பிழை ஏதும் இல்லையே என்று சைகையால் கேட்டான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பற்றிமா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வலது பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் மிச்சம் இருந்தது. வாழ்க்கைத்துணை உண்டா, இல்லையா. இரண்டில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும். இல்லை என்ற எழுத்தின்மேல் அவள் பேனாவை வைத்தபோது தொலைபேசி மணி அடித்தது.

வட்டம் பாதியில் நின்றது. பேனா தாளைவிட்டு எழும்பவில்லை, நகரவுமில்லை. மூன்றாவது மணிக்குப் பற்றிமா ஓடிப்போய் எடுத்தாள். ஓம், ஓம் என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு கையால் வாய்க்குழலைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"றெஜினா அக்கா. வீடு போய்ச் சேரேல்லையாம், கொலோன் ஸ்டேசனிலை இருந்து எடுக்கிறா. எங்களோடை இல்லையாம், உன்னோடைதான் தனியக் கதைக்க வேணுமாம்."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ மச்சாள்," என்றாள் பிறேமா.

பேனா மெதுவாக நகர்ந்தது. வட்டத்தின் மற்றப் பாதி வளைந்து வந்து, தொடங்கிய இடத்தில் சரியாகப் பொருந்தியது. மை பரவவில்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஓர் எழுத்தும் பிழைக்கவில்லை.

அவள் எழுந்து போய்த் தொலைபேசியைக் கையில் வாங்கினாள்.

"ஓம் அக்கா, பிறேமாதான் கதைக்கிறன். சொல்லுங்கோ."